இரண்டு காலுக்கும் ஒரே அளவு

உத்ரேரா
14 மார்ச் 1971, ஞாயிறு

வல்வெர்தே ஊர், பூட்ஸ் மாஸ்டர் செலெதோனியோ அவர்களுக்கு,

அளவெடுத்தபோது எங்கள் சமையலறையில் இருந்தவர்கள்: ரூஃபினாவாகிய நான், என் கணவர் லெயாந்த்ரோ, அவருடைய தம்பி குர்ரோ, அடுத்த வீட்டு த்ரினி. ஆக நான்கு பேர். கூண்டில் ஒரு குருவி. எதை எழுதினாலும் அங்கே யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுவது என் பழக்கம். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஜெபப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நானாக எழுத்துக் கற்றவள். நாளைக்கு ஏதாவது தப்பு என்றால் சாட்சி கேட்க ஆள் வேண்டுமே என்ற பயம்தான்.

பூட்ஸ் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். டிசம்பர் எட்டாம் தேதி, மாதா திருநாளன்றே, பண்ணையில் குதிரை சறுக்கி என் கணவருடைய இடது கால்மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. பழைய பூட்ஸைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான் நேர்ந்துகொண்டேன்: தாயே, இந்தக் காலை முழுசாகத் திருப்பிக் கொடு, பெந்தகோஸ்தே திருநாள் யாத்திரையில் இவர் புது பூட்ஸ் போட்டுக் குதிரைமேல் ரோசியோ கோயில் வரைக்கும் உன் தேருக்குப் பின்னால் வருவார் என்று. பிப்ரவரி இரண்டாம் தேதி மாவுக்கட்டைப் பிரித்தார்கள். இப்போது நடக்கிறார். மாதா தன் பங்கைச் செய்துவிட்டாள், பாக்கி எங்களுடையது.

நீங்கள் அனுப்பிய தாளில் சொன்னபடியே செய்தோம். குதிரை ஏறும் கால்சட்டையைப் போடவைத்து, நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்தைத் தரையில் பதியவைத்து நான் அளந்தேன். பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டது த்ரினி. மாவு வந்த பையைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் வரைந்திருக்கிறாள். இரண்டு பாதமும் இத்துடன் வருகிறது.

வலது கால்: புறங்கால் மேடு 26, கணுக்கால் 25, கெண்டைக்கால் 38, முழங்காலுக்குக் கீழே 35½, தரையிலிருந்து உயரம் 44. இடது கால்: அதேதான்.

முதலில் இடது கெண்டைக்காலில் டேப் நழுவி வேறு ஏதோ எண் காட்டியது. அதற்குள் குர்ரோ ஆரம்பித்துவிட்டான்: "இடது காலு மட்டும் தனியா ரொட்டி திங்குது போல, அண்ணி."

"வாய மூடுடா," என்றார் இவர். "சீக்கிரம் எழுதி முடி, ரூஃபினா. என்னை என்ன சந்தையில விக்கவா போறீங்க? வேணும்னா பல்லையும் எண்ணிக்கோங்க."

சரியான எண்ணைத்தான் எழுதியிருக்கிறேன். ஜிப் வேண்டாம் என்கிறார். கன்றுத்தோல், தேன் நிறம். மே நடுவுக்குள் வேண்டும்.

ரூஃபினா

*

வல்வெர்தே
20 மார்ச் 1971

ரூஃபினா அம்மா அவர்களுக்கு,

தாள் கிடைத்தது. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. என் மனைவி ரெபோசோ அதைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேருதான் எழுத்து. நீங்க எழுதுறது கோழி கிளறுன மாதிரி இருக்கும்" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

ஆனால் ஒன்று. முப்பத்தொரு வருஷமாகக் கால் அளக்கிறேன். ஐந்து இடத்திலும் இரண்டு காலும் அரை சென்டிமீட்டர்கூடப் பிசகாமல் ஒத்துப்போனதை நான் பார்த்ததில்லை. அப்படி இருந்தால் அது கோயில் சிலை. அதிலும் எட்டு வாரம் மாவுக்கட்டில் கிடந்த கால், இன்னொன்றைவிட மெலிந்துதான் இருக்கும். சமமாக இருக்க வழியில்லை.

டேப் நழுவியது என்று எழுதியிருக்கிறீர்கள். நழுவியபோது காட்டிய எண் என்ன? அதை எழுதவில்லையே.

தாளில் மாலையில் அளக்கச் சொல்லியிருந்தேன். காலையில் கால் ஒன்று சொல்லும், மாலையில் வேறொன்று சொல்லும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை, அநேகமாகப் பூசை முடிந்து வந்த கையோடு அளந்திருக்கிறீர்கள். இன்னொரு முறை, வேலை முடிந்து அவர் வீடு திரும்பியதும் அளந்து எழுதுங்கள். நெடும் பூட்ஸில் ஒரு சென்டிமீட்டர் என்பது சின்ன விஷயமில்லை. செருப்பு என்றால் கால் பொறுத்துக்கொள்ளும்.

செலெதோனியோ

*

உத்ரேரா
27 மார்ச் 1971

மாஸ்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கு வருத்தம். பதினெட்டு வருஷமாக இந்த வீட்டுக் கணக்கு என் கையில் இருக்கிறது. எண்ணெய் ஜாடியில் எவ்வளவு மிச்சம், எத்தனை முட்டை அடைக்கு வைத்தது என்று எப்போது கேட்டாலும் சொல்வேன். நான் எழுதிய எண்ணை இதுவரை ஒருவரும் திருப்பி அனுப்பியதில்லை.

நீங்கள் சொன்னபடி மாலையில் மறுபடியும் அளந்தேன். அதே எண்தான்.

மாதா முழுசாகத் திருப்பிக் கொடுத்த கால் அது. அதில் குறை தேட உங்களுக்கு என்ன? அளவு என் பொறுப்பு. தைப்பது உங்கள் பொறுப்பு. தயவுசெய்து தைக்க ஆரம்பியுங்கள்.

ரூஃபினா

*

வல்வெர்தே
8 மே 1971

அம்மா,

பூட்ஸ் இன்று காலை பஸ்ஸில் பார்சலாகக் கிளம்பிவிட்டது. உங்கள் எண்ணை அப்படியே வைத்துத்தான் தைத்திருக்கிறேன்.

சில விஷயங்களை லெயாந்த்ரோவுக்குப் படித்துக் காட்டுங்கள். முதல் வாரம் பின்பக்கம் முழங்கால் மடிப்பில் இடிக்கும். உயரம் அதிகம் என்று யாரும் அறுத்துவிடாதீர்கள். கணுக்காலில் மடிப்பு விழ விழ பூட்ஸ் இரண்டு விரல்கடை கீழே இறங்கும். அதற்காகத்தான் கூட விட்டிருக்கிறேன். உள்ளே முகப்பவுடர் தூவிக்கொண்டு, கொக்கி இரண்டையும் பூட்ஸின் உள்பட்டையில் மாட்டிச் சேர்த்துப் பிடித்து இழுக்க வேண்டும். முதல் நாள் அரை மணி நேரம், மறுநாள் ஒரு மணி நேரம் என்று பழக்குங்கள். கழற்றியதும், கூடவே அனுப்பியிருக்கும் கால் வடிவ மரக்கட்டையை உள்ளே போட்டு நிறுத்துங்கள்.

இறுக்கம் வேறு, வலி வேறு. இறுக்கம் இருக்கலாம். வலி இருந்தால் உடனே எழுதுங்கள்.

செலெதோனியோ

*

உத்ரேரா
16 மே 1971, ஞாயிறு

மாஸ்டர்,

பார்சல் வந்தது. தோலின் வாசனை வீடெல்லாம் நிற்கிறது. த்ரினி கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் தொட்டாள்.

வலது பூட்ஸ் கையுறை மாதிரி ஏறியது. இடதுக்குத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்தது. குர்ரோ கொக்கியைப் பிடித்துக்கொண்டு சுவரில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தான். "கன்னுக்குட்டியப் பசு வயித்துலேர்ந்து வெளிய இழுத்திருக்கேன். உள்ள தள்ளுறது இதுதான் முதல் தடவ!" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

இவர், "புடிக்குது ரூஃபினா. நல்லாப் புடிக்குது" என்றார். "புதுத் தோலு அப்படித்தான் இருக்கும்" என்றேன். "நேர்ச்சை உன்னது, வலி மட்டும் என்னதா?" என்றார். சொல்லிவிட்டு முற்றத்தில் நான்கு சுற்று நடந்து காட்டினார். அந்த நடையைப் பார்த்துக்கொண்டே நான் ஜெபமாலையை எடுத்தேன்.

வரும் 26ஆம் தேதி புதன் காலை எங்கள் யாத்திரைச் சபை கிளம்புகிறது. நன்றி.

ரூஃபினா

*

வல்வெர்தே
19 மே 1971

அம்மா,

அவசரம். இரண்டு பேர் இழுத்து ஏற்றிய பூட்ஸோடு நான்கு நாள் குதிரையில் போகக் கூடாது. இடது பூட்ஸை மட்டும் உடனே பஸ்ஸில் போடுங்கள். தோலை நனைத்துக் கட்டையில் ஏற்றி விரித்து, 25ஆம் தேதி மாலைக்குள் உங்கள் கையில் கிடைக்கச் செய்கிறேன். அதற்குள் முடியாமல் போனாலும் சொல்கிறேன், அவர் சாதாரணக் குட்டை பூட்ஸில் போகட்டும். மாதா காலையா பார்க்கப்போகிறாள்?

இந்தக் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

செலெதோனியோ

*

வல்வெர்தே
20 ஜூன் 1971

ரூஃபினா அம்மா அவர்களுக்கு,

என் கடைசிக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பூட்ஸும் வரவில்லை. சரியாகப் போயிற்று போல என்று இருந்துவிட்டேன்.

போன வாரம் உத்ரேராவிலிருந்து இரண்டு ஆர்டர் ரத்தானது. முந்தாநாள் மூன்றாவது. நேற்று ஒரு பார்சல் வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் தைத்துக் கொடுத்த பூட்ஸ். ஒன்பது வருஷம் நன்றாக உழைத்திருக்கிறது, தையல் ஒரு இடத்தில்கூட விடவில்லை. கூடவே ஒரு சீட்டு: "ஆளைக் கொல்லப் பார்த்தவன் தைத்தது என் வீட்டில் இருக்க வேண்டாம்."

பிறகு பஸ் டிரைவரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். லெயாந்த்ரோ யாத்திரையில் விழுந்தார், நெஞ்சில் ரத்தம் அடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார், இப்போது வீட்டில் இருக்கிறார் என்று. அவர் பிழைத்ததில் எனக்கு வந்த ஆறுதல் பொய்யில்லை. ஆனால் அவர் உங்கள் ஊர் பாரில் உட்கார்ந்து, "அந்த வல்வெர்தேக்காரன் என் காலுக்குத் தூக்குக்கயிறு தச்சுக் குடுத்துட்டான்" என்று சொன்னாராம். அதுவும் எனக்கு வந்து சேர்ந்தது.

உங்கள் கையெழுத்தில் உள்ள அளவுத்தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மாலையில் மறுபடி அளந்ததாக நீங்கள் எழுதிய கடிதமும் இருக்கிறது. ரெபோசோ தினமும் அதையே சொல்கிறாள்: "பஸ் ஏறிப் போய் அந்த பார் சுவத்துல ஆணியடிச்சு மாட்டிட்டு வாங்க. முத்து முத்தா எழுதியிருக்காளே, எல்லாரும் படிக்கட்டும்."

நான் இதுவரை யாருக்கும் காட்டவில்லை. எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். டேப் நழுவியபோது என்ன எண்?

செலெதோனியோ

*

உத்ரேரா
27 ஜூன் 1971, ஞாயிறு

மாஸ்டர் செலெதோனியோ அவர்களுக்கு,

நாற்பத்தொன்றரை.

டேப் நழுவவில்லை. மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் இடது கெண்டைக்கால் 41½, வலது 38. எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. டேப் என் கைக்குள் இருந்தது. குர்ரோ கண்ணாலேயே பார்த்துத்தான் கேலி செய்தான். அவன் கண்ணுக்குத் தெரிந்ததை நான் தாளில் இல்லாமல் செய்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். இரண்டு வரிசை ஒத்துப்போகாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்பது உண்மை. ஆனால் அது மட்டும் இல்லை. கால் முழுசாக வர வேண்டும் என்று கேட்டிருந்தேன். 41½ என்று எழுதினால் அது முழுசாக வரவில்லை என்று ஆகிவிடும். மாதா செய்து முடித்த வேலையில் குறை இருக்கிறது என்று என் கையால் எப்படி எழுதுவது? அப்படி நினைத்தேன். இப்போது எழுதிப் பார்க்கும்போது இது பக்தி மாதிரியே தெரியவில்லை. மாதாவையும் நான் என் கணக்குக்கு இழுத்திருக்கிறேன்.

மாலையில் மறுபடி அளந்ததாக எழுதியது பொய். டேப்பைக் கையில் எடுக்கவே இல்லை.

மே 19ஆம் தேதி நீங்கள் அவசரம் என்று எழுதிய கடிதம் 22ஆம் தேதி கிடைத்தது. அதைப் படித்துக் காட்டவில்லை. மாதா படத்துக்குப் பின்னால் செருகிவைத்தேன். பூட்ஸை அனுப்பி அது திரும்பி வராமல் போனால் நேர்ச்சை தவறிவிடுமே என்பதுதான் என் நினைப்பு. இவர் கேட்டார், "பூட்ஸ்காரர்கிட்டேர்ந்து ஏதாவது வந்துச்சா?" என்று. "இல்ல" என்றேன்.

புதன்கிழமை கிளம்பினோம். நான் வண்டியில் பெண்களோடு, இவர் தேருக்குப் பின்னால் குதிரையில். எவ்வளவு அழகாக இருந்தார் தெரியுமா? முதல் நாள் இரவு தங்கலில் வலது பூட்ஸைக் கழற்றினார். இடதைக் கழற்றவில்லை. "கழட்டுனா காலைல திரும்ப ஏறாது" என்றார். ஒரு காலில் பூட்ஸோடு படுத்தார். மறுநாள் இரவும் அப்படியே. அதைப் பார்த்தும் நான் போர்வையை இழுத்துவிட்டேனே தவிர வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் ஆற்றுத் துறையைக் கடக்கும்போது குதிரையின் கழுத்தில் சாய்ந்துவிட்டார். "நெஞ்சுல யாரோ சேணப்பட்டையை இழுத்துக் கட்டுற மாதிரி இருக்கு" என்றார். அவ்வளவுதான். பேச்சு நின்றுவிட்டது. குர்ரோவும் இன்னும் இரண்டு பேரும் ஜீப்பில் போட்டு செவில்யா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்தாள். அதே கால், மாஸ்டர். ஆறு மாதத்தில் இரண்டாவது பூட்ஸ். உங்கள் தோல் கெட்டி, வெட்ட நேரமாயிற்று. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மூன்று நாள் கழித்துப் பேச முடிந்தபோது டாக்டர் வந்தார். "இது பாதைல வந்த வீக்கம் இல்ல. மாவுக்கட்டுக் காலத்திலேயே உள்ள ரத்தம் கட்டியிருக்கணும். அதுல ஒரு துண்டு நெஞ்சுக்கு ஏறிடுச்சு. ஒரு காலு இவ்வளவு பருத்திருக்கறத வீட்ல யாருமே கவனிக்கலியா?" என்று கேட்டார்.

இவர்தான் பதில் சொன்னார்: "கவனிக்க என்ன இருக்கு டாக்டர்? பூட்ஸ்காரன் இறுக்கித் தச்சுட்டான்."

நான் கட்டிலருகே இவருடைய தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டே இருந்தேன். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் இவர் உங்களைப் பற்றிச் சொல்கிறார். நான் காப்பி ஊற்றுகிறேன். சொல்லச் சொல்ல உங்கள் பெயர் கெட்டுக்கொண்டே போகிறது, நான் கோப்பைக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "டேப் அளவெல்லாம் பாவத்துல சேராதும்மா. மூணு அருள் நிறைந்த மரியே சொல்லிட்டுப் போ" என்றார். சொன்னேன். பாரம் இறங்கவில்லை. அவருக்குத் தோலைப் பற்றி என்ன தெரியும்? உங்களுக்குத் தெரியும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தத் தாளை யாருக்கும் காட்டாதீர்கள் என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேனா, காட்டிவிடுங்கள் என்று கேட்க எடுத்தேனா, எனக்கே தெரியவில்லை. உங்கள் மனைவி சொல்வதில் தப்பில்லை.

ரூஃபினா

*

வல்வெர்தே
3 ஜூலை 1971

ரூஃபினா அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. மறைக்கமாட்டேன். மூன்று ஆர்டர் போய்விட்டதைவிட, அந்த ஒன்பது வருஷத்துப் பழைய பூட்ஸ் திரும்பி வந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டாவது முறை படித்துவிட்டு எழுந்துபோய், உங்கள் அடுத்த வீட்டம்மா வரைந்த மாவுப்பைத் தாளை எடுத்தேன். அதை நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. மறக்கப் பார்த்தேன்.

இடது பாதத்தின் படம் வலதைவிட அரை விரல் அகலம். விரல்களில் தொடங்கிக் குதிகால் வரைக்கும் சுற்றிலும் அகலம். பாதம் அப்படிப் பருத்திருந்தால் கணுக்காலும் கெண்டைக்காலும் 25, 38 என்று நிற்காது. இதைப் புரிந்துகொள்ள முப்பத்தொரு வருஷ அனுபவம் வேண்டாம். உங்கள் எண் பொய் சொன்னது, ஆனால் அந்தப் பென்சில் கோடு உண்மையைச் சொல்லிக்கொண்டு மார்ச் மாதத்திலிருந்து என் மேசைமேல் கிடந்தது. தைப்பதற்கு முன்னால் பார்த்தேன். "அளவு என் பொறுப்பு" என்று நீங்கள் எழுதியது எனக்கு வசதியாக இருந்தது. யாத்திரைக்குள் பதினொரு ஜோடி முடிக்க வேண்டியிருந்தது. 'அந்தம்மாவே சொல்லிட்டாங்களே' என்று கத்தியை வைத்தேன். தோலை வெட்டியது நான்.

ஒருநாள் கடையை மூடிவிட்டு பஸ் ஏறி வந்து என் கையால் அளந்திருக்கலாம். வரவில்லை.

இதை ரெபோசோவிடம் சொன்னேன். பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "அப்ப ஆணி ரெண்டு வேணும். மாவுப்பைத் தாளுக்கும் ஒண்ணு" என்றாள்.

இத்துடன் உங்கள் அளவுத்தாளையும் மார்ச் 27 கடிதத்தையும் திருப்பி அனுப்புகிறேன். நகல் எடுக்கவில்லை. அடுப்பில் போட்டாலும் உங்கள் இஷ்டம். எனக்குத் தேவையான எண் கிடைத்துவிட்டது. மாவுப்பைத் தாளை மட்டும் நானே வைத்துக்கொள்கிறேன். அது என்னுடையது.

அவர் காலை உயர்த்தி வைத்துப் படுக்கட்டும்.

செலெதோனியோ

*

உத்ரேரா
11 ஜூலை 1971, ஞாயிறு

மாஸ்டர் செலெதோனியோ அவர்களுக்கு,

திங்கள்கிழமை மாலை, தாளை மேசைமேல் வைத்தபோது எங்கள் சமையலறையில் இருந்தவர்கள்: நான், என் கணவர் லெயாந்த்ரோ, அவருடைய தம்பி குர்ரோ, அடுத்த வீட்டு த்ரினி. அதே நான்கு பேர். அவர்கள் தாமாக வந்து சேரவில்லை. நானே போய்க் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அன்றைக்குச் சாட்சியாக இருந்தவர்கள் இன்றைக்கும் இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஒருவர் குறைந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டிருப்பேன்.

கடிதம் அன்று காலையே வந்துவிட்டது. அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. கொண்டைக்கடலை வெந்துகொண்டிருந்தது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு அது வேகும்வரை நின்றேன். இதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதமும் சரியாக இருக்காது.

எல்லாவற்றையும் சொன்னேன். 41½, மாலையில் அளக்காதது, மாதா படத்துக்குப் பின்னால் இருந்த கடிதம், எல்லாம். அந்தக் கடிதத்தையும் எடுத்து வந்து வைத்தேன். த்ரினி சிலுவை போட்டுக்கொண்டாள். குர்ரோதான் முதலில் பேசினான்: "அன்னிக்கு அளக்கறப்ப நான் சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க மட்டும் சிரிக்கல அண்ணி. ஜோக்கு நல்லால்லன்னு நினைச்சுட்டேன்."

இவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தாளில் 38 இருக்கும் இடத்தில் விரலை வைத்தார். பிறகு இடது காலுக்கு நான் எழுதிய 'அதேதான்' என்ற சொல்லுக்கு நகர்த்தினார். அங்கேயே வைத்திருந்தார்.

"டேப்ப எடுத்துட்டு வா," என்றார்.

எடுத்து வந்தேன்.

"அள."

மண்டியிட்டேன். இந்த முறை நிஜமாகவே டேப் நழுவியது.

"சத்தமா சொல்லு. குருவிக்கும் கேக்கட்டும்."

"நாப்பது," என்றேன்.

"வலது?"

"முப்பத்தேழரை."

"எழுது. அதுக்குக் கீழயே எழுது."

எழுதினேன். இரண்டும் வேறு வேறாகத் தாளில் இருப்பதைப் பார்த்தார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "மாதாகிட்ட கேட்ட. பூட்ஸ்காரருக்கு எழுதுன. சாமியார்கிட்ட சொன்ன. என் காலு இங்கயேதான இருந்துச்சு ரூஃபினா, இந்த நாற்காலியில? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

பதிலுக்கு இவர் காத்திருக்கவில்லை. எழுந்து குச்சியை ஊன்றிக்கொண்டு குதிரைக் கொட்டடிக்குப் போய்விட்டார். இவர் பாரில் சொன்னதால் நீங்கள் கெட்ட பெயர் வாங்கியதைவிட இது சின்னத் தண்டனைதான். தெரியும்.

நான்கு நாள் நான் வைத்ததைச் சாப்பிட்டார், தட்டைத் தானே எடுத்துக் கழுவினார், பேசவில்லை. வெள்ளிக்கிழமை மாலை குர்ரோவைக் கூட்டிக்கொண்டு பாருக்குப் போனார். அங்கே என்ன நடந்தது என்று குர்ரோ வந்து சொன்னான். அன்றைக்கு யார் யார் முன்னால் உங்களைத் திட்டினாரோ, அவர்கள் எல்லாரும் வந்து சேரும்வரை ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். வராத ஒருவரை ஆள் அனுப்பிக் கூப்பிட்டாராம். பிறகு எழுந்து நின்று, "வல்வெர்தேக்காரர் தச்சதுல தப்பில்ல. அளவுதான் தப்பு. அளவு என் வீட்ல எடுத்தது. நான் சொன்னத எல்லாம் திருப்பி எடுத்துக்கறேன்" என்றாராம்.

"யாரு எடுத்தது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "என் வீட்லன்னு சொன்னேன்ல. காது கேக்கலியா?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம்.

என் வீட்டில் என்றார். என் மனைவி என்று சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றினாரா, என் பெயரை வாயில் எடுக்கவே பிடிக்கவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கும் தைரியமும் வரவில்லை. ரத்து செய்த மூன்று பேரில் இருவர் உங்களுக்கு எழுதுவதாகச் சொன்னார்களாம். பழைய பூட்ஸைத் திருப்பி அனுப்பியவர் வெட்கப்பட்டுக்கொண்டு பின்பக்கமாகப் போய்விட்டாராம். அவர் எழுதாவிட்டால் நானே அவர் வீட்டுக்குப் போகிறேன்.

நீங்கள் மாவுப்பைத் தாளைப் பற்றி எழுதியதையும் இவருக்குப் படித்துக் காட்டினேன். இனி எந்தக் கடிதத்தையும் படத்துக்குப் பின்னால் வைக்கமாட்டேன். நான் படித்ததைக் கேட்டுவிட்டு இவர், "அந்தாளும் தூங்கலியா?" என்றார். நான்கு நாளுக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

இன்று காலை பூசைக்குக் கிளம்பும்போது சொன்னார்: நவம்பர் வரை நெடும் பூட்ஸ் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதன் பிறகும் இடது கால் கொஞ்சம் பருத்தே இருக்கலாமாம். அதனால் இடதைத் தனியாக, பக்கவாட்டில் கயிறு கட்டி இறுக்கித் தளர்த்தும்படி தைக்க முடியுமா என்று உங்களைக் கேட்கச் சொன்னார். அளவை நீங்களே உங்கள் கையால் எடுக்க வேண்டுமாம். அதற்கு அவரே வல்வெர்தே வருகிறாராம்.

"பஸ்ஸுக்கு எத்தனை டிக்கெட்?" என்று கேட்டேன். ஒன்று என்பாரோ என்று பயந்துகொண்டேதான் கேட்டேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டார். அங்கிருந்து, "அளக்கறப்ப யாரு யாரு இருந்தாங்கன்னு யாரு எழுதுவா?" என்றார்.

ஆகவே இரண்டு பேர் வருகிறோம். மாலையில்தான் இடது கால் வீங்குகிறது. அதனால் மாலையில் வருவதுதான் சரி என்று நினைக்கிறேன். எந்த நாள் வரலாம், ஏழு மணிக்கு வந்தால் உங்கள் கடை திறந்திருக்குமா, உங்கள் மனைவி எங்களைப் பார்க்கச் சம்மதிப்பாரா என்று சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

ரூஃபினா